பஸ் போர்டு முதல் ஓடிபி வரை: பார்வையற்றவர்கள் தனியாக நடமாட நம் ஊர் தயாரா? சட்டமும் நடைமுறையும் - முழு விளக்கம்

பழனியில் இருந்து மலையைப் பார்த்தபடி தெற்கே போனால், அடிவாரத்தில் வரும் பேரூராட்சி பாலசமுத்திரம். வயல், தோப்பு, பாலாறு பொருந்தலாறு அணை என இருக்கும் சிறிய ஊர். தாலுகா ஆபீஸ், ரயில், பெரிய ஆஸ்பத்திரி என்று எதற்கும் பழனிக்குத்தான் வர வேண்டும்.

கண் தெரிந்தவர்களுக்கு இது பெரிய விஷயமே இல்லை. பஸ் ஏறினால் சிறிது நேரத்தில் பழனி. ஆனால் பார்வை இல்லாத ஒருவர், துணைக்கு யாரும் இல்லாமல், பழனிக்குப் போய் பணம் எடுத்து, மாத்திரை வாங்கி, ஒரு மனு கொடுத்துவிட்டு வீடு திரும்ப முடியுமா?

'யாராவது கூட்டிட்டுப் போவாங்க' என்பதுதான் இத்தனை நாளும் நாம் சொல்லிவந்த பதில். சட்டம் அந்தப் பதிலை ஏற்கவில்லை. டிஜிட்டல் சேவைகளை அணுகுவது வாழ்வதற்கான அடிப்படை உரிமையின் ஒரு பகுதி என்று 2025 ஏப்ரல் 30 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அதே ஆண்டில், உள்ளாட்சி அமைப்புகளில் மாற்றுத்திறனாளிகளை உறுப்பினர்களாக நியமிக்கும் சட்டத் திருத்தத்தைத் தமிழ்நாடு சட்டமன்றம் நிறைவேற்றியது.

இவை இரண்டும் பாலசமுத்திரம் போன்ற ஒரு ஊரில் எதை மாற்றும்? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பார்வையற்றவர் என்றால் யார்? எத்தனை பேர்?

பார்வையின்மை என்றதும் முழு இருட்டு என்றே பலரும் நினைக்கிறோம். உண்மை அப்படி இல்லை. சிலருக்கு வெளிச்சம் மட்டும் தெரியும். சிலருக்கு நடுவில் தெரியாது, ஓரத்தில் தெரியும். சிலருக்கு ஒரு குழாய் வழியாகப் பார்ப்பது போல நடுவில் மட்டும் தெரியும். பகலில் நன்றாக நடப்பவர், மாலை ஆனதும் தடுமாறலாம்.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016 இதற்கு ஓர் அளவு வைத்திருக்கிறது. கண்ணாடி போட்ட பிறகும், இரண்டில் நல்ல கண்ணின் பார்வை 3/60-க்கும் கீழே இருந்தால் அது பார்வையின்மை. அதாவது, சாதாரணப் பார்வை உள்ளவர் 60 மீட்டர் தூரத்தில் இருந்து படித்துவிடும் எழுத்தை, 3 மீட்டர் கிட்டே போயும் படிக்க முடியாத நிலை. பார்க்கும் பரப்பு 10 டிகிரிக்கும் குறைவாகச் சுருங்கியிருந்தாலும் பார்வையின்மைதான். இதற்கு மேலே, 6/18 வரை இருப்பவர்கள் 'குறைபார்வை' என்ற வகையில் வருகிறார்கள்.

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் சுமார் 50 லட்சம் பேருக்குப் பார்வைக் குறைபாடு. தமிழ்நாட்டில் சுமார் 1.27 லட்சம் பேர். 2015 முதல் 2019 வரை நடந்த தேசிய ஆய்வு, நாட்டு மக்களில் 0.36 சதவீதம் பேர் பார்வையற்றவர்கள் என்றது. 50 வயதைத் தாண்டியவர்களின் பார்வையின்மையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குக்குக் காரணம் கண்புரை என்றும் அந்த ஆய்வு சொன்னது. கண்புரை, ஆபரேஷன் செய்தால் சரியாகிற நோய். 1976-ல் மதுரையில் டாக்டர் வெங்கடசாமி 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கியதன் காரணமே இதுதான்.

தடுக்கக்கூடியதைத் தடுப்பது ஒரு வேலை. ஆனால் எந்த ஆபரேஷனாலும் பார்வை திரும்பாதவர்கள் இருக்கிறார்கள். இனி மேலும் இருப்பார்கள். சர்க்கரை நோயும் முதுமையும் கூடும் ஒரு சமூகத்தில், இன்று கண் தெரிகிற பலர் நாளை இந்தப் பட்டியலில் சேரலாம். அவர்களுக்காக ஊரைச் சரிசெய்வது இரண்டாவது வேலை. அங்கேதான் நாம் பின்தங்கியிருக்கிறோம்.

முதல் சிக்கல்: 'இது எந்த பஸ்ஸுங்க?'

பஸ் வரும் சத்தம் கேட்கும். எந்த பஸ் என்பது கேட்காது. போர்டு கண்ணால் படிப்பதற்கு. பக்கத்தில் ஆள் இருந்தால் கேட்கலாம். யாரும் இல்லாத மத்தியான நேரத்தில், வந்த பஸ் போன பிறகுதான் அது நம்ம பஸ் என்று தெரியவரும்.

இதில் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. படிக்கட்டில் தொங்கியபடி 'பழனி, பழனி, பழனி' என்று கத்தும் கண்டக்டர், தெரிந்தோ தெரியாமலோ பார்வையற்றவர்களுக்கு நல்ல சேவை செய்துவந்தார். போர்டு பளபளவென எல்இடி ஆனது. ஆனால் குரல் குறைந்துவிட்டது. புதிய வசதி ஒன்று வரும்போது பழைய வசதி ஒன்று சத்தமில்லாமல் காணாமல் போவதற்கு இது நல்ல உதாரணம்.

தீர்வு இல்லாமல் இல்லை. அடுத்த நிறுத்தம் எது என்று ஒலிபெருக்கியில் சொல்லும் முறை 2022-ல் சென்னை மாநகரப் பேருந்துகளில் தொடங்கியது. நிறுத்தத்தில் நிற்பவர் கையில் உள்ள சிறு கருவியின் பட்டனை அழுத்தினால், வந்து நிற்கும் பஸ்ஸின் எண்ணைக் குரலில் சொல்லும் 'ஆன்போர்டு' என்ற கருவியை டெல்லி ஐஐடி உருவாக்கி, டெல்லியிலும் மும்பையிலும் சோதித்துப் பார்த்திருக்கிறது.

தமிழ்நாட்டில் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் மாற்றுத்திறனாளிகளுக்குக் கட்டணம் இல்லை. நல்ல திட்டம். ஆனால் இலவசம் என்பது ஏறிய பிறகு வருவது. எது என்று தெரிந்து ஏறுவதுதான் முதல் படி.

இரண்டாவது சிக்கல்: கைத்தடிக்குத் தெரியாதவை

வெள்ளைக் கைத்தடி தரையைத் தட்டிப் பார்க்கும். படி, பள்ளம், கல், சுவர் எல்லாம் அதற்குத் தெரியும். இடுப்புக்கு மேலே இருப்பது தெரியாது. கடை முன்னால் தாழ்வாக இறக்கிக் கட்டிய தகரம், நிறுத்தி வைத்த லாரியின் பின்புறம் நீட்டிக்கொண்டிருக்கும் கம்பி, குறுக்கே கட்டிய பேனர் கயிறு. இவை நேராக முகத்தில்தான் வந்து அடிக்கும்.

இதற்காகவே டெல்லி ஐஐடி 'ஸ்மார்ட்கேன்' என்ற கருவியை உருவாக்கியது. தடியில் மாட்டிக்கொண்டால், எதிரே இருக்கும் பொருளை ஒலி அலைகள் மூலம் உணர்ந்து கைப்பிடியில் அதிர்வு கொடுக்கும். 2014-ல் விற்பனைக்கு வந்தது. தயாரித்தது சென்னையைச் சேர்ந்த ஃபீனிக்ஸ் மெடிக்கல் சிஸ்டம்ஸ்.

ரயில் நிலையங்களில் மஞ்சள் நிறத்தில் புடைப்பு வைத்த டைல்ஸைப் பார்த்திருப்பீர்கள். அலங்காரம் இல்லை, அது ஒரு மொழி. நீளக் கோடு இருந்தால் 'நேராகப் போகலாம்'. புள்ளி இருந்தால் 'நில், கவனி'. ஜப்பானைச் சேர்ந்த செய்ச்சி மியாகே உருவாக்கிய இந்த முறை, 1967-ல் அந்நாட்டின் ஒகயாமா நகரில் முதன்முதலாகப் பதிக்கப்பட்டது.

நம் ஊர்களில் பிரச்சினை, இதைப் பதிக்காதது மட்டும் இல்லை. பதித்த இடத்தில் அதன் மேலேயே பைக்கை நிறுத்துவது. கோடு போட்டுக்கொண்டே போய் மின்கம்பத்தில் கொண்டு முடிப்பது. புள்ளி வைக்க வேண்டிய இடத்தில் கோடு வைப்பது. தப்பாகப் பதித்த டைல்ஸ், இல்லாத டைல்ஸைவிட ஆபத்து. ஏனென்றால் அதை நம்பி ஒருவர் காலெடுத்து வைக்கிறார்.

சிறிய ஊர்களில் நடைபாதையே கிடையாது. அங்கே டைல்ஸ் பேசுவதற்கு முன்னால், சாக்கடைக்கு மூடி போட வேண்டும்.

மூன்றாவது சிக்கல்: 4 மில்லிமீட்டர் வித்தியாசம்

பர்ஸில் உள்ள புது 100, 200, 500 ரூபாய் நோட்டுகளை எடுத்து, கண்ணை மூடிக்கொண்டு பிரித்துப் பாருங்கள்.

பழைய வரிசையில் 100 ரூபாய் நோட்டின் நீளம் 157 மில்லிமீட்டர். 500 ரூபாய் நோட்டின் நீளம் 167. பத்து மில்லிமீட்டர் வித்தியாசம் என்பது விரலுக்குத் தெரியும். பணமதிப்பிழப்புக்குப் பிறகு வந்த புதிய வரிசையில் 100-க்கு 142, 200-க்கு 146, 500-க்கு 150. அகலம் மூன்றுக்கும் ஒன்றே, 66. அதாவது அடுத்தடுத்த நோட்டுகளுக்கு இடையே வித்தியாசம் வெறும் 4 மில்லிமீட்டர். ஓர் அரிசி நீளம்கூட இல்லை.

தொட்டுப் பார்க்க அடையாளங்கள் இருக்கின்றன. 100-ல் முக்கோணம், 500-ல் வட்டம். ஓரங்களில் புடைப்புக் கோடுகள்: 100-க்கு நான்கு, 500-க்கு ஐந்து. 200-க்கும் நான்கு கோடுகள்தான், ஆனால் நடுவில் இரண்டு வட்டங்கள். புது நோட்டில் இவை கைக்குத் தட்டுப்படும். சந்தையில் பத்துக் கை மாறி, வேட்டி மடிப்பில் கசங்கிய நோட்டில் தேய்ந்துவிடும்.

நோட்டை கேமராவில் காட்டினால் மதிப்பைக் குரலில் சொல்லும் 'மணி' என்ற செயலியை ரிசர்வ் வங்கி 2020 ஜனவரி 1 அன்று வெளியிட்டது. உபயோகமானதுதான். ஆனால் நெரிசலான பஸ்ஸில் கண்டக்டர் மீதி சில்லறையை நீட்டும்போது, போனை எடுத்து, செயலியைத் திறந்து, நோட்டை விரித்துக் காட்டிக்கொண்டிருக்க யாரால் முடியும்? நாணயத்தில் நிலைமை கொஞ்சம் பரவாயில்லை. 2019-ல் அறிமுகமான 20 ரூபாய் நாணயத்துக்கு 12 பக்கங்கள். தொட்டதும் தெரியும்.

ஏடிஎம் விஷயத்தில் விதி தெளிவாக இருக்கிறது. 2014 ஜூலை 1 முதல் நிறுவப்படும் எல்லாப் புதிய ஏடிஎம்களும் பிரெய்ல் பட்டன்களோடு, குரலில் பேசுபவையாக இருக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. இயர்போனை மாட்டினால் மெஷின் பேச வேண்டும். பல இடங்களில் அந்தத் துளை வேலை செய்யாமல் போனாலும், யாரும் புகார் சொல்வதில்லை. அது எதற்கு இருக்கிறது என்றே காவலாளிக்குத் தெரியாது.

கடைகளில் இப்போது 'ரூபாய் பெறப்பட்டது' என்று சொல்லும் சவுண்ட் பாக்ஸ் வந்துவிட்டது. பார்வையற்ற வியாபாரி ஒருவருக்கு இது பெரிய நிம்மதி. பணம் வந்ததா, எவ்வளவு என்று யாரையும் கேட்க வேண்டாம். இது அவர்களுக்காகக் கொண்டுவந்த கருவி இல்லை. எல்லாருக்குமாகச் செய்தது. அதனால்தான் ஊரெங்கும் பரவியது.

இதற்கு நேர் எதிர், பட்டனே இல்லாத தொடுதிரை கார்டு மெஷின். பழைய மெஷினில் 5-ம் எண் மேல் ஒரு சின்னப் புள்ளி இருக்கும். அதை விரலால் தடவி மற்ற எண்களைக் கண்டுபிடிக்கலாம். வழவழப்பான கண்ணாடியில் எதைத் தடவுவது? கடைசியில் பின் நம்பரைக் கடைக்காரரிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

இந்தப் பிரச்சினையின் மையமே இதுதான். உதவி கிடைப்பதில்லை என்பது அல்ல. நம் ஊரில் உதவிக்குப் பஞ்சம் இல்லை. ஆனால் ஒவ்வொரு உதவிக்கும் ஒரு ரகசியத்தைக் கொடுக்க வேண்டியிருக்கிறது. கணக்கில் எவ்வளவு இருக்கிறது என்பது பக்கத்து வீட்டுப் பையனுக்குத் தெரிகிறது. ஆஸ்பத்திரி ரிப்போர்ட்டில் என்ன இருக்கிறது என்பது தெருவுக்கே தெரிகிறது.

நான்காவது சிக்கல்: 'கண்ணைச் சிமிட்டுங்க சார்'

ஸ்மார்ட்போன் பார்வையற்றவர்களின் வாழ்க்கையை மாற்றியது உண்மை. திரையில் இருப்பதை வாசித்துச் சொல்லும் 'டாக்பேக்' வசதி ஆண்ட்ராய்டு போனிலேயே இருக்கிறது. கம்ப்யூட்டரில் இலவசமாகக் கிடைக்கும் 'என்விடிஏ' என்ற மென்பொருள் தமிழையும் வாசிக்கும்.

ஆனால் செயலியை எழுதியவர் பட்டனுக்குப் பெயர் வைக்காமல் விட்டால், போன் 'பட்டன், பட்டன், பட்டன்' என்றுதான் சொல்லும். எது 'அனுப்பு', எது 'ரத்து' என்று தெரியாது. கோணல் மாணலான எழுத்தைப் பார்த்து டைப் அடிக்கச் சொல்லும் கேப்ட்சா இன்னொரு பூட்டு. ஓடிபி-யைக் கேட்டு, நினைவில் வைத்து, திரும்பச் செயலிக்கு வந்து, கட்டத்தைத் தேடி நிரப்புவதற்குள் நேரம் முடிந்துவிடும்.

எல்லாவற்றுக்கும் மேல் கேஒய்சி. செல்ஃபி எடுங்கள், முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள், கண்ணைச் சிமிட்டுங்கள் என்று திரை சொல்லும். வட்டமே தெரியாதவர் என்ன செய்வார்?

இதே கேள்வியோடுதான் ஆசிட் வீச்சில் பாதிக்கப்பட்டவர்களும், பார்வையற்ற வழக்கறிஞர் அமர் ஜெயினும் உச்ச நீதிமன்றம் போனார்கள். நீதிபதிகள் ஜே.பி.பர்திவாலா, ஆர்.மகாதேவன் அமர்வு 2025 ஏப்ரல் 30 அன்று தீர்ப்பளித்தது. டிஜிட்டல் அணுகல், அரசியல் சாசனத்தின் 21-வது பிரிவு தரும் வாழ்வுரிமையின் ஒரு பகுதி என்று சொன்ன நீதிமன்றம், 20 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கண் சிமிட்டுவதற்கு மாற்று வழி வேண்டும், நிறுவனங்கள் தங்கள் செயலிகளை அணுகல்தன்மைக்காகத் தணிக்கை செய்ய வேண்டும், இயந்திரம் நிராகரித்ததை ஒரு மனிதர் பார்த்து முடிவெடுக்க வழி வேண்டும் என்பவை அவற்றில் முக்கியமானவை.

ஐந்தாவது சிக்கல்: தமிழிலேயே ஒரு தடை

இது தமிழ் வாசகர்கள் தனியாகத் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம்.

ஒரு அரசு அறிவிப்பு தமிழில் டைப் செய்யப்பட்டிருக்கிறது. திரையில் 'அம்மா' என்று அழகாகத் தெரிகிறது. ஆனால் அது பாமினி போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால், கம்ப்யூட்டரின் உள்ளே பதிவாகியிருப்பது தமிழே இல்லை, ஆங்கிலக் குறிகள். வாசிக்கும் மென்பொருள் அதை 'எம், கே, செமிகோலன், கே, ஹெச்' என்று வாசிக்கும். கண்ணுக்கு அம்மா, காதுக்குக் குப்பை.

யூனிகோடில் டைப் செய்தால் இந்தப் பிரச்சினை இல்லை. அரசு அலுவலகங்களுக்கு யூனிகோடையும் டேஸ்-16 முறையையும் தரநிலையாகத் தமிழ்நாடு அரசு 2010-லேயே அறிவித்துவிட்டது. ஆனாலும் பழைய எழுத்துருக்கள் பல மேஜைகளில் இன்னும் உயிரோடு இருக்கின்றன. அதைவிடப் பெரிய பழக்கம், பிரின்ட் எடுத்து, கையெழுத்துப் போட்டு, சீல் வைத்து, திரும்ப ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக ஏற்றுவது. அது வெறும் படம். உள்ளே எழுத்தே இல்லாததால் மென்பொருள் வாயே திறக்காது.

நலத்திட்ட விண்ணப்பப் படிவமே இப்படி வந்தால், அந்தத் திட்டம் யாருக்காக?

இவ்வளவுக்கும் பிரெய்ல் தமிழுக்குப் புதிதல்ல. பாளையங்கோட்டையில் பார்வையற்றோர் பள்ளி தொடங்கியது 1890-ல். இந்திய மொழிகளுக்குப் பொதுவான பாரதி பிரெய்ல் 1951-ல் ஏற்கப்பட்டது. புத்தகங்களை அணுகத்தக்க வடிவில் மாற்றத் தனி அனுமதி தேவையில்லை என்று 2012-ல் காப்புரிமைச் சட்டம் திருத்தப்பட்டது. அதே நோக்கத்துக்கான மராகேஷ் உடன்படிக்கையை 2014-ல் உலகிலேயே முதலில் ஏற்று உறுதிசெய்த நாடு இந்தியா. காகிதத்தில் நாம் முன்னால் நிற்கிறோம்.

மாத்திரை அட்டையும் மலைக்கோயிலும்

மருந்துக்கடையில் வாங்கிய இரண்டு அட்டைகள். ஒன்று பிரஷருக்கு, இன்னொன்று சர்க்கரைக்கு. இரண்டும் ஒரே அளவு, ஒரே வழவழப்பு. ஐரோப்பிய ஒன்றிய நாடுகளில் மருந்துப் பெட்டியின் மேல் மருந்தின் பெயர் பிரெய்லில் இருக்க வேண்டும் என்பது 2004-ல் வந்த விதி. இங்கே, ஒரு அட்டைக்கு ரப்பர் பேண்ட் போடுவது, மற்றதன் மூலையை வெட்டிவிடுவது என்று அவரவர் வைத்ததுதான் அடையாளம். கடைக்காரர் மனது வைத்து 'காலை மாத்திரைக்கு ரப்பர் பேண்ட் போட்டிருக்கேன்மா' என்று சொன்னால் அதுவே பெரிய உதவி.

பழனி மலைக்கு வருவோம். சுமார் 690 படிகள். 'கண்ணு தெரியாதவங்க எப்படி ஏறுவாங்க, வின்ச்சில் போகட்டும்' என்பதுதான் பலரும் சொல்வது. இது தவறான புரிதல். படிக்கட்டு, சக்கர நாற்காலியில் வருபவருக்குத் தடை. காலில் வலு உள்ள பார்வையற்றவருக்குப் படி ஒரு பெரிய தடையே இல்லை. கைப்பிடி இருந்தால் போதும். யானைப்பாதையோ இன்னும் சரிவு குறைந்தது.

அவருக்குத் தடை, தகவல் இல்லாமைதான். வரிசை எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் திரும்புகிறது, ரோப் கார் இன்று ஓடுகிறதா, பராமரிப்புக்காக நிறுத்தியிருக்கிறார்களா? எல்லாம் போர்டில் எழுதி இருக்கும். தைப்பூசம், பங்குனி உத்திரக் கூட்டத்தில் இந்தத் தகவல்கள் ஒலிபெருக்கியில் தெளிவாக வந்தால் பார்வையற்றவருக்கு மட்டுமா பயன்? எழுத்து தெரியாத பாட்டிக்கும், வெளியூர் பக்தருக்கும்தான். கிரிவீதியில் தனியார் வாகனங்களுக்குத் தடை விதிக்கப்பட்டது பொதுவாக நல்ல மாற்றம். அதோடு பேட்டரி வாகனங்கள் சத்தமில்லாமல் வரும் என்பதையும் கணக்கில் எடுக்க வேண்டும். சத்தம் கேட்டு ஒதுங்குபவருக்குச் சத்தமில்லாத வண்டி ஆபத்து. ஓட்டுநர் ஒரு மணி அடித்தால் தீர்ந்தது.

சட்டம் என்ன சொல்கிறது?

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016, அடுத்த ஆண்டு ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. அணுகல்தன்மை பற்றி அதில் உள்ள முக்கியமான அம்சங்கள்:

- புதிய கட்டடம் விதிகளின்படி அணுகத்தக்கதாக இல்லை என்றால், கட்டட அனுமதியோ பணி நிறைவுச் சான்றோ தரக்கூடாது.

- ஏற்கெனவே உள்ள பொதுக் கட்டடங்களை விதிகள் வந்த நாளில் இருந்து 5 ஆண்டுகளுக்குள் மாற்ற வேண்டும். சேவை வழங்குவோருக்குக் கெடு 2 ஆண்டுகள். விதிகள் வந்தது 2017 ஜூன். அப்படியானால் சேவைகளுக்கான கெடு 2019 ஜூனிலும், கட்டடங்களுக்கான கெடு 2022 ஜூனிலும் முடிந்துவிட்டன.

- சட்டத்தை மீறினால் முதல் முறை 10,000 ரூபாய் வரை அபராதம். அடுத்த முறையில் இருந்து குறைந்தது 50,000, அதிகபட்சம் 5 லட்சம் ரூபாய்.

- அரசுப் பணிகளில் 4 சதவீத இடஒதுக்கீடு. அதில் 1 சதவீதம் பார்வையற்றோருக்கும் குறைபார்வை உள்ளோருக்கும்.

பிறகு ஏன் நடக்கவில்லை? ராஜீவ் ரதூரி என்ற பார்வையற்ற உரிமைச் செயற்பாட்டாளர் 2005-ல் தொடுத்த பொதுநல வழக்கில் இதற்குப் பதில் இருக்கிறது. 2017-ல் உச்ச நீதிமன்றம் கட்டடம், போக்குவரத்து, இணையதளம் என எல்லாவற்றுக்கும் உத்தரவிட்டது. ஆனால் 2024 நவம்பர் 8 அன்று அதே வழக்கில், சட்டத்தின் கீழ் போடப்பட்ட 15-வது விதியையே நீதிமன்றம் செல்லாது என்றது. காரணம்? சட்டம் 'கட்டாயம்' என்று சொன்னதை, விதி வெறும் 'வழிகாட்டுதல்' ஆக்கிவிட்டது. 'செய்தால் நல்லது' என்று எழுதியதை யாரும் செய்யவில்லை. குறைந்தபட்சம் செய்தே தீர வேண்டியவை எவை என்று பிரித்து, மூன்று மாதத்துக்குள் கட்டாய விதிகளை உருவாக்கும்படி மத்திய அரசுக்கு அப்போதைய தலைமை நீதிபதி டி.ஒய்.சந்திரசூட் அமர்வு உத்தரவிட்டது.

சாதனைக் கதைகள் மட்டும் போதுமா?

சென்னையைச் சேர்ந்த பெனோ செஃபைன், முழுப் பார்வையின்மையோடு இந்திய வெளியுறவுப் பணியில் சேர்ந்த முதல் அதிகாரி. மதுரையைச் சேர்ந்த பூரண சுந்தரி, 2019-ம் ஆண்டுக்கான சிவில் சர்வீஸ் தேர்வில் அகில இந்திய அளவில் 286-வது இடம் பிடித்தார். பார்வையற்றவர்கள் நீதிபதி ஆவதைத் தடுக்க முடியாது என்று 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

இந்தச் செய்திகளை நாம் கொண்டாடுகிறோம். கொண்டாட வேண்டியதுதான். ஆனால் அந்தக் கதைகளை உற்றுப் பார்த்தால், வீட்டில் யாரோ உட்கார்ந்து புத்தகங்களை வாசித்துக் காட்டியிருப்பார்கள். அப்படி ஒரு குடும்பம் வாய்க்காத குழந்தைக்கு என்ன வழி? கூலி வேலைக்குப் போகும் தாய் எப்போது வாசித்துக் காட்டுவார்? அணுகல்தன்மை என்பது அசாத்தியத் திறமை இல்லாத சாதாரண ஆளும் சாதாரணமாக வாழ வழி செய்வது.

ஒரு பேரூராட்சி என்ன செய்ய முடியும்?

2025-ல் வந்த சட்டத் திருத்தத்தின்படி தமிழ்நாட்டின் நகர்ப்புற உள்ளாட்சிகளில் 650 பேர், கிராம ஊராட்சிகளில் 12,913 பேர், ஊராட்சி ஒன்றியங்களில் 388 பேர், மாவட்ட ஊராட்சிகளில் 37 பேர் என 13,988 மாற்றுத்திறனாளிகள் நியமன உறுப்பினர்களாக வர வழி உண்டு. ஒவ்வொரு பேரூராட்சிக்கும் ஒருவர். பாலசமுத்திரத்துக்கும் இது பொருந்தும்.

உறுப்பினராக வந்தவர் கூட்டத்தில் என்ன கேட்கலாம்? கோடிகளில் செலவு வேண்டியதில்லை.

- படிக்கட்டுகளின் ஓரத்தில் மஞ்சள் பெயின்ட் கோடு. ஒரு டப்பா பெயின்ட் போதும். குறைபார்வை உள்ளவர் விழாமல் இறங்குவார்.

- திறந்த சாக்கடைக்கு மூடி. பள்ளம் தோண்டினால் சுற்றிலும் கயிறு அல்ல, கைத்தடிக்குத் தட்டுப்படும் தடுப்பு.

- பேரூராட்சியின் அறிவிப்புகள் யூனிகோடில். கூடவே அதே செய்தி வாட்ஸ்அப்பில் குரல் பதிவாக.

- பஸ் நிறுத்தத்தில் நின்று ஊர் பெயரைச் சொல்லும்படி பஸ், மினிபஸ் நடத்துநர்களுக்கு வேண்டுகோள்.

- கூட்டத்தின் பொருள் நிரல், பார்வையற்ற உறுப்பினருக்கு வாசிக்கத்தக்க வடிவில், முன்கூட்டியே.

கடைசியாகச் சொன்னது மிக முக்கியம். உறுப்பினர் பதவியைக் கொடுத்துவிட்டு, கையில் படிக்க முடியாத காகிதத்தைக் கொடுத்தால் அது வெறும் நாற்காலி.

நாம் என்ன செய்யலாம்?

தேர்தலில் இதற்கு நல்ல முன்மாதிரி இருக்கிறது. வாக்கு இயந்திரத்தில் பட்டன் பக்கத்தில் பிரெய்ல் எண் இருக்கும். விரும்பினால் 18 வயது நிரம்பிய துணை ஒருவரை அழைத்துப் போகலாம். ஒரு துணை, ஒருவருக்குத்தான். தானே செய்யவும் வழி, உதவி பெறவும் வழி. எதைத் தேர்ந்தெடுப்பது என்பது அவர் விருப்பம்.

தெருவிலும் இதே வழிதான். முதலில் பேசுங்கள், பிறகு தொடுங்கள். 'ரோட்டைத் தாண்டணுமாங்க?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். கையைப் பிடித்து இழுக்காதீர்கள், கைத்தடியைப் பிடிக்கவே பிடிக்காதீர்கள். உங்கள் முழங்கையை அவர் பிடித்துக்கொள்ளட்டும். நீங்கள் அரை அடி முன்னால் நடங்கள், படி வந்தால் சொல்லுங்கள். 'அங்க இருக்கு' என்று கை காட்டாமல், 'உங்க வலது பக்கம், நாலு எட்டு' என்று சொல்லுங்கள். சில்லறை கொடுக்கும்போது ஒவ்வொரு நோட்டாகச் சொல்லிக் கொடுங்கள். நகர்ந்து போகும்போது 'நான் கிளம்புறேன்' என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் அவர் காற்றோடு பேசிக்கொண்டிருப்பார். கூட வந்தவரிடம் 'இவருக்கு என்ன வேணும்?' என்று கேட்காதீர்கள். அவரையே கேளுங்கள், அவருக்குக் காது கேட்கும்.

சட்டப்படி கிடைக்க வேண்டியது கிடைக்கவில்லை என்றால் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும், மாற்றுத்திறனாளிகளுக்கான மாநில ஆணையரிடமும் மனு கொடுக்கலாம். பாதிக்கப்பட்டவர்தான் கொடுக்க வேண்டும் என்று காத்திருக்க வேண்டாம். பேசாத ஏடிஎம்மையும், மூடி இல்லாத சாக்கடையையும் முதலில் பார்ப்பவர் கண் தெரிந்தவர்தான். கட்டடங்களுக்குச் சட்டம் கொடுத்த கெடு 2022-லேயே முடிந்துவிட்டது. இனி கேட்பது சலுகை அல்ல, பாக்கி.